ஒரு வசனம் போதுமா?

“விவிலியத்திலேயே இருக்கிறது” என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் வாய் திறக்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? அதிகாரமும் வசன எண்ணும் சேர்த்துச் சொல்லிவிட்டாலோ கேட்கவே வேண்டாம். தலை தானாகக் குனிந்துவிடும். இறைவாக்கின்மேல் நமக்குள்ள மதிப்பே இதற்குக் காரணம். அது நல்லதுதான். ஆனால் அந்த மதிப்பையே பிடியாகக் கொண்டு எளியவர்களை அச்சுறுத்துகிறவர்களும் உண்டு என்பதைச் சென்ற ஆண்டு நாங்கள் நேரில் கண்டோம். தேர்வு நெருங்கும் இந்த நேரத்திலும் ஆண்டு மலருக்கு எழுத முன்வந்ததற்கு அதுவே காரணம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குச் சிறு வயது முதல் வலிப்பு நோய் உண்டு. (பெயர் மட்டும் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் என்று அவளும் அவள் அன்னையும் இசைவு தந்த பின்னரே எழுதுகிறோம்.) அவள் தந்தை போடிமெட்டுக்கு அப்பால் ஏலத் தோட்டத்தில் வேலை செய்கிறார்; விடியுமுன் ஜீப்பில் ஏறினால் இருட்டிய பிறகே வீடு. அன்னை இங்கே போடியில், ஏலக்காய்க் கடையொன்றில் காய் பிரிக்கிறார். க.விலக்கு அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் மாத்திரை வாங்கி வருவார்கள். அதனால் ஓராண்டுக்கு மேல் வலிப்பே வராமல் இருந்தது.

அந்த நிலையில், தெருவில் நடந்த ஒரு செபக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒருவர் அவள் அன்னையிடம், “இது நோய் அல்ல, பரம்பரைச் சாபம். உங்கள் முன்னோர் செய்த பாவம் நான்காம் தலைமுறையில் இந்தப் பிள்ளைமேல் இறங்கியிருக்கிறது” என்றார். விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரத்தைத் திறந்து ஐந்தாம் வசனத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மாத்திரையை நம்புகிறவரை சாபம் நீங்காது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தத் தாய் என்ன செய்வார்? அச்சிட்ட எழுத்தைக் கண்ணால் பார்த்துவிட்டாரே! பதினொரு நாள் மாத்திரை நின்றது. பன்னிரண்டாம் நாள் காலை வழிபாட்டின்போது கொடிக்கம்பத்தின் அருகே எங்கள் தோழி விழுந்தாள். யாரோ ஓடி வந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். உடற்கல்வி ஆசிரியைதான் சாவியைத் தள்ளிவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். நெற்றியில் மூன்று தையல்.

அன்று மாலை நாங்கள் ஐந்து பேர் விவிலியத்தை எடுத்துக்கொண்டு மறைக்கல்விச் சிஸ்டரிடம் போனோம். உண்மையைச் சொன்னால், கோபத்தோடுதான் போனோம். “அந்த வசனம் இருக்கிறதா, இல்லையா?” என்றோம். “இருக்கிறது. அடுத்த வசனத்தையும் படியுங்கள்” என்றார் சிஸ்டர்.

படித்தோம். தம்மை வெறுப்போரின் தீமைக்காக மூன்றாம் நான்காம் தலைமுறைவரை தண்டிப்பதாகச் சொல்லும் கடவுள், அதே மூச்சில், தம்மீது அன்புகூர்வோருக்கு ஆயிரம் தலைமுறைக்கும் பேரன்பு காட்டுவதாகச் சொல்கிறார். நான்கு எங்கே, ஆயிரம் எங்கே! அந்தப் பகுதி முழுவதும் கடவுளின் இரக்கம் எவ்வளவு பெரிது என்று காட்டவே எழுதப்பட்டது. பாதியில் அறுத்தால் அதுவே சாபமாகிவிடுகிறது. மேலும் அந்தச் சொற்கள் சிலை வழிபாட்டைத் தடுக்கும் கட்டளையோடு சேர்ந்து வருகின்றன. அக்காலத்தில் தாத்தா, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பத்தில் தலைவன் வழிதவறினால் வீடே வழிதவறும் என்பதை அது குறிக்கிறது என்று அறிஞர் பலர் விளக்குகிறார்கள். போடியில் இருக்கும் ஒரு சிறுமியின் மூளை நரம்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

சிஸ்டர் அத்துடன் விடவில்லை. எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தைப் படிக்கச் சொன்னார். பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட மக்கள் ஒரு பழமொழி சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார்களாம்: அப்பன்மார் புளித்த திராட்சை தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது என்று. (2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை மட்டுமே தின்று பழகிய நமக்கு இந்தப் பழமொழி சட்டென்று விளங்காது!) இனி அந்தப் பழமொழியை எவரும் சொல்லக் கூடாது, பிள்ளை தந்தையின் பாவத்தைச் சுமப்பதில்லை என்று இறைவாக்கினர் கண்டிப்பாகக் கூறிவிடுகிறார். எரேமியா 31ஆம் அதிகாரத்திலும் இதே பழமொழி மறுக்கப்படுகிறது. இணைச் சட்டம் 24ஆம் அதிகாரமோ, தந்தையின் குற்றத்துக்காகப் பிள்ளையைக் கொல்லலாகாது என்று சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது. ஆக, ஐந்தாம் வசனத்தை எப்படிப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதை விவிலியமே தனக்குள் நெடுங்காலமாகப் பேசித் தெளிந்து வந்திருக்கிறது.

அந்தப் பேச்சுக்கு இறுதிச் சொல்லை நம் ஆண்டவர் சொல்கிறார். யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் கேட்பது, செபக் கூட்டத்தில் கேட்ட அதே கேள்விதான்: பாவம் செய்தது இவரா, இவருடைய பெற்றோரா? இருவருமல்லர் என்கிறார் இயேசு. அந்த அதிகாரத்தை முடிவுவரை படித்தபோது எங்களுக்கு உடல் சிலிர்த்தது. ஏனெனில் அந்த மனிதர் பிறப்பிலேயே பாவத்தில் மூழ்கியவர் என்று தீர்ப்புச் சொல்லி அவரை வெளியே தள்ளியவர்கள் பரிசேயர்கள். அவருடைய பெற்றோரோ பயந்துபோய், “அவனையே கேளுங்கள்” என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். பயந்த பெற்றோரை விவிலியமும் அறிந்திருக்கிறது.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டுவிட்டு, இல்லை என்று இயேசுவே மறுக்கிறார். இதைப் படித்தபோது எங்களில் ஒருத்தி பெட்டிமுடியை நினைவூட்டினாள். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த இராஜமலையில் மண் சரிந்து, தேயிலைத் தோட்ட லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் புதையுண்டன. எழுபது உயிர்கள் போயின. நம் மலைக்கு அப்புறம் நடந்த துயரம். அப்போது “என்ன பாவம் செய்தார்களோ” என்று பெருமூச்சு விட்டவர்கள் நம் வீடுகளிலும் இருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னார்கள் என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் மழையையும் மலைச்சரிவையும் லயங்கள் இருந்த இடத்தையும் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளை அந்தப் பெருமூச்சு மூடிவிடுகிறது.

ஒரு ஞாயிறு பிற்பகல் தோழியின் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் அவள் அன்னையிடம் படித்துக் காட்டினோம். முறத்தை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சல்லடையில் எட்டு மில்லி, ஏழு மில்லி என்று பிரிந்து வரும் காயில் வெடித்தது, நிறம் மங்கியது, பூச்சி துளைத்தது ஆகியவற்றைக் கையால் பொறுக்கி எடுப்பதே அவருக்கு இருபது ஆண்டுத் தொழில். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பொறுக்கி எடுத்துக் காட்டுனா எந்த மூட்டையும் நல்ல மூட்டைதான் தாயி. எந்த மூட்டையும் சொத்தை மூட்டைதான்.” நாங்கள் ஒரு மணி நேரம் சொன்னதை அவர் ஒரே வாக்கில் முடித்துவிட்டார்.

சாத்தானும் விவிலிய வசனம் சொல்லியிருக்கிறான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மத்தேயு நான்காம் அதிகாரத்தில் இயேசுவைக் கோவிலின் உச்சியில் நிறுத்தி, வானதூதர் தாங்கிக்கொள்வார்கள் என்னும் 91ஆம் திருப்பாடலை அவன் எடுத்துக் காட்டுகிறான். சொல்லில் பிழையில்லை. ஆண்டவர் அந்தத் திருப்பாடலைப் பொய் என்று சொல்லவில்லை. மறைநூலின் மற்றோர் இடத்தை எடுத்து அதன் அருகில் வைக்கிறார். மறைநூலை மறைநூலோடு சேர்த்துப் படிப்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் ஏது?

இங்கே நாங்கள் ஓர் உண்மையை மறைக்க விரும்பவில்லை. எங்களுக்கு எதிராகவும் ஓர் இடம் விவிலியத்தில் உண்டு. மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில், வாயில் நுரை தள்ளி விழும் சிறுவனைத் தந்தை ஒருவர் கொண்டுவருகிறார். வலிப்பு என்றே தோன்றுகிறது. நற்செய்தியாளரோ அதைத் தீய ஆவியின் செயலாக எழுதுகிறார், இயேசுவும் அந்த ஆவியை ஓட்டுகிறார். அப்படியானால் எங்கள் தோழியைப் பிடித்திருப்பதும் ஆவிதானா? இந்தக் கேள்வியை எங்களில் ஒருத்தி கேட்டபோது அறையில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

அதற்கு விடை தேடியபோதுதான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘இறை வெளிப்பாடு’ ஏடு எங்களுக்கு அறிமுகமாயிற்று. 1965 நவம்பர் 18ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்டது. அதன் 12ஆம் பத்தி கூறுவதன் சாரம் இது: கடவுள் மனிதர் வழியாக, மனிதர் பேசும் முறையிலேயே பேசினார், ஆகவே அந்த எழுத்தாளர் தம் காலத்துப் பேச்சு வழக்கில், தம் காலத்து இலக்கிய வகையில் எதைச் சொல்ல எண்ணினார் என்று முதலில் தேட வேண்டும். பின்னர் அதை மறைநூல் முழுவதன் ஒருமையோடும், திருச்சபையின் உயிருள்ள மரபோடும், விசுவாச உண்மைகளின் இணைப்போடும் பொருத்திப் பார்க்க வேண்டும். 11ஆம் பத்தியோ, நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை மறைநூல் பிழையின்றிக் கற்பிக்கிறது என்கிறது. மீட்புக்கான உண்மை என்பதைக் கவனியுங்கள். மாற்கு நமக்கு நரம்பியல் பாடம் நடத்தவில்லை. அவர் காலத்தில் அந்த நோய்க்கு மக்கள் வைத்திருந்த பெயரைக்கொண்டே எழுதினார். (இயேசுவுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவ நூல் ஒன்று வலிப்பை மூளையின் நோய் என்று வாதாடியது, ஆனால் கலிலேயச் சிற்றூர்களுக்கு அது எங்கே எட்டியிருக்கும்!) அவர் சொல்ல வந்தது, இயேசுவின் முன் எந்தத் தீமையும் நிற்காது என்பதும், அந்தத் தந்தையின் பாதி விசுவாசத்தைக்கூட அவர் ஒதுக்கவில்லை என்பதும்தான். இன்னொன்றையும் பாருங்கள். இயேசு அந்தத் தந்தையிடம் முன்னோர் பாவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இது வந்து எவ்வளவு காலமாயிற்று என்று கேட்கிறார். க.விலக்கு மருத்துவரும் முதலில் அதைத்தான் கேட்டார் என்று தோழியின் அன்னை சொன்னார்.

சரி, ஆளுக்கு ஒரு விளக்கம் சொன்னால் கோட்பாடு என்று ஒன்று எப்படி உருவாகும் என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நிசேயாவைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியவில்லை. இயேசு படைக்கப்பட்டவரே, கடவுளுக்கு இணையானவர் அல்லர் என்று அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ் போதித்தார். அவரிடமும் வசனங்கள் இருந்தன. தந்தை என்னிலும் பெரியவர் என்னும் பொருளில் இயேசுவே பேசும் யோவான் 14ஆம் அதிகாரமும், ஞானம் படைக்கப்பட்டதாகக் கூறும் நீதிமொழிகள் எட்டாம் அதிகாரமும் அவர் கையில் இருந்தன. 325இல் நிசேயாவில் ஏறத்தாழ முந்நூறு ஆயர்கள் கூடினார்கள். வெறும் வசனத்தை வசனத்தோடு மோதவிட்டால் வழக்கு தீராது என்று கண்டார்கள். விவிலியம் முழுவதும் இயேசுவைப் பற்றி என்ன சொல்கிறது, மக்கள் அவரை எப்படி வழிபட்டு வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, விவிலியத்தில் எங்குமே இல்லாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள்: தந்தையோடு ‘ஒரே பொருளானவர்’. விவிலியத்தில் இல்லாத சொல்தான் விவிலியத்தின் பொருளைக் காத்தது. 2025இல் அதற்கு 1700 ஆண்டு நிறைந்தது. ஞாயிறுதோறும் நாம் வாய்ப்பாடம்போல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சொல் மாறினால் விசுவாசம் மாறிவிடும் என்று அஞ்சுவோர் தம் பாட்டியின் செபத்தைக் கேட்கட்டும். நம் பாட்டிமார் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றார்கள். அது போர்த்துக்கீசியச் சொல்லின் தமிழ் ஒலி. பின்னர் பரிசுத்த ஆவி என்றோம், இப்போது தூய ஆவி என்கிறோம். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, விசுவாசத்தைத் தமிழில் சொல்லத் தகுந்த சொல் தேடி எத்தனை எதிர்ப்பைத் தாங்கினார்! சொல் மாறியிருக்கிறது, வழிபடப்படுகிறவர் மாறவில்லை.

பரம்பரைச் சாபம் பற்றியும் திருச்சபை வாளாவிருக்கவில்லை. 2024இல் ஸ்பெயின் நாட்டு ஆயர்களின் கோட்பாட்டுக் குழு இதைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. முன்னோரின் பாவம் தலைமுறை தலைமுறையாக இறங்கி நோயாக வருகிறது, அதை அறுக்கத் தனிச் செபம் வேண்டும் என்னும் போதனை கத்தோலிக்க விசுவாசத்துக்கு ஏற்றதன்று என்று அதில் தெளிவுபடுத்தினார்கள். அப்படியானால் பிறப்புநிலைப் பாவம்? நம் முன்னவர்கள் ஜென்மப் பாவம் என்று சொன்னது? அதையும் சிஸ்டரிடம் கேட்டோம். அது நாம் செய்த குற்றம் அல்ல, மனித இனம் முழுவதும் பிறக்கும் நிலை, திருமுழுக்கில் நீங்குவது என்று 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி ஏட்டிலிருந்து விளக்கினார். ஒரு குடும்பத்தை மட்டும் தேடிப்பிடித்து நான்காம் தலைமுறையில் தாக்குவதற்கும் அதற்கும் உறவில்லை.

மாத்திரை விசுவாசக் குறைவு என்ற பேச்சுக்குச் சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரமே பதில். மருத்துவரை மதிக்க வேண்டும், மருந்துகளை மண்ணிலிருந்து படைத்தவர் ஆண்டவர், அறிவுள்ளவர் அவற்றை வெறுக்கமாட்டார் என்கிறது அது. நோயுற்றால் கடவுளிடம் மன்றாடு, பின் மருத்துவருக்கும் இடம் கொடு என்றும் சொல்கிறது. செபத்தையும் மருந்தையும் ஒன்றுக்கொன்று பகையாக அந்த ஞானி பார்க்கவேயில்லை. தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த எங்கள் தோழி ஒருத்தி, “எங்கள் விவிலியத்தில் இந்தப் புத்தகம் இல்லையே” என்றாள். உண்மைதான். சீராக்கு உள்ளிட்ட நூல்களைத் திருமுறையில் சேர்ந்தவை என்று திரெந்து சங்கம் 1546இல் உறுதி செய்தது. சீர்திருத்தச் சபைகள் அவற்றைத் தனியே வைத்தன. ஆனாலும் இரு சபையினரும் சேர்ந்து உழைத்து 1995இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டார்களே! எசேக்கியேலும் யோவானும் அவள் வீட்டிலும் இருக்கிறார்கள் அல்லவா? அவள் பாட்டி அவற்றைப் படித்துவிட்டு, “இது போதுமே” என்றாராம்.

செபக் கூட்டங்களே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். நோயாளியின்மேல் எண்ணெய் பூசி மன்றாடும் அருளடையாளமே நம் திருச்சபையில் இருக்கிறது. எங்கள் குறை வேறு. அதில் முதல் பங்கு எங்களுடையது. ஒவ்வோராண்டும் வசன மனனப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள் நாங்கள்தான். முந்நூறு வசனம் ஒப்பித்தோம்; ஒன்றுக்காவது அது யார், யாரிடம், எப்போது சொன்னது என்று கேட்டால் விழித்திருப்போம். கைபேசியில் தினமும் பூப்படத்தோடு வரும் வசனத்தை மறுகணமே பத்துப் பேருக்கு அனுப்புகிறோம், முன்பின் பார்க்கிறோமா? இப்படிப் பழகியவர்கள் ஒருநாள் பொறுக்கியெடுத்த வசனத்தால் அடிபடும்போது யாரை நொந்துகொள்வது? வரும் ஆண்டு மனனப் போட்டியில் ஒவ்வொரு வசனத்தோடும் அடுத்த வசனத்தையும் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி சேர்க்குமாறு தலைமையாசிரியை அம்மாவை இம்மலர் வாயிலாகவே வேண்டிக்கொள்கிறோம். இருபது வசனம் போதும். குறைவாகவே இருக்கட்டும்.

எங்கள் தோழி இப்போது மாத்திரையைத் தவறவிடுவதில்லை. அவள் அன்னை இன்றும் செபக் கூட்டத்துக்குப் போகிறார், பையில் மாத்திரை அட்டையோடு. சென்ற மாதம் எங்களிடம் மருத்துவமனைச் சீட்டைக் கொடுத்து அதன் பின்புறத்தில் அதிகார எண்களை எழுதித் தரச் சொன்னார். எசேக்கியேல் 18, யோவான் 9, சீராக்கு 38 என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். வாங்கிப் பார்த்துவிட்டு, “வசன நம்பர் போடலையே?” என்றார். “முழுசும் படிக்கணும்மா” என்றோம். மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். காய்க்கடையில் மதிய வேளையில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாராம். பக்கத்தில் உட்காரும் பெண்களும் கேட்கிறார்களாம். யோபு நூலையும் எழுதித் தரச் சொல்லிப் போன வாரம் ஆள் அனுப்பியிருக்கிறார். 42 அதிகாரம், எப்படி முடிப்பார்கள் என்று தெரியவில்லை.